67 வயதில் விண்டோஸிலிருந்து மேக்குக்கு: பாமினி கோப்புகள், டேலி, பிரிண்டர் எல்லாம் என்ன ஆகும்?

பழையமேசை:
வணக்கம். வயது 67. வீட்டுக் கணினி 2015-ல் வாங்கியது, இன்டெல் 5-ம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ இந்த இயந்திரம் ஏற்காது. ஆப்பிளின் சிறிய மேசைக் கணினியான மேக் மினியை வாங்கச் சொல்கிறார்கள்.

என் பயன்பாடு இவ்வளவுதான்: தமிழில் மெய்ப்புத் திருத்தம் (நானூறு வேர்டு கோப்புகள், பாதிக்கு மேல் பாமினி என்ற பழைய எழுத்துருவில்), அவுட்லுக்கில் பழைய மின்னஞ்சல், ஓர் அறக்கட்டளைக்கு டேலி மென்பொருளில் கணக்கு, பழைய லேசர் பிரிண்டர், வருடத்துக்கு ஒருமுறை ஓய்வூதியத்துக்கான ஜீவன் பிரமாண் (மின்னணு வாழ்வுச் சான்றிதழ்). தமிழ் அடிப்பது பழைய டைப்ரைட்டர் முறையில். கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து சிரமம்.

எது தடுக்கும், எதை முதலில் செய்ய வேண்டும்?

செம்புக்கம்பி:
ஐயா, வாங்குவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது டேலிதான். டேலிபிரைம் விண்டோஸுக்கு மட்டும் உள்ள மென்பொருள். முன்பு இன்டெல் மேக்குகளில் பூட்கேம்ப் போட்டு விண்டோஸை ஏற்றுவார்கள். எம்1 முதலான ஆப்பிள் சிப் மேக்குகளில் அந்த வழியே இல்லை. மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் மென்பொருளை வாங்கி அதற்குள் ஆப்பிள் சிப்பில் ஓடும் விண்டோஸ் 11-ன் ஆர்ம் பதிப்பைப் போடலாம், ஆனால் மாதம் பத்து வவுச்சர் போட ஆண்டுச் சந்தாவும் விண்டோஸ் உரிமமும் தண்டச் செலவு. டேலியை கிளவுடில் வாடகைக்கு எடுக்கலாம். அதைவிட எளிது, பழைய கணினியின் இணையத்தைத் துண்டித்து டேலிக்கென்று மட்டும் வைத்துக்கொள்வது. பேக்கப்பைப் பென்டிரைவில் ஆடிட்டருக்குக் கொடுத்தால் போதும். தினமும் டேலியில்தான் வேலை என்றால் மேக் வேண்டாம், விண்டோஸ் 11 மடிக்கணினி ஒன்று வாங்குங்கள் என்றே சொல்வேன். உங்களுக்கு அப்படி இல்லை.

அடுத்து பிரிண்டர். மாடல் எண்ணைப் பார்த்து அதில் ஏர்பிரிண்ட் (ஆப்பிளின் நேரடி அச்சு வசதி) உண்டா என்று தேடுங்கள். இருந்தால் டிரைவரே வேண்டாம். கேனான் எல்பிபி 2900 போன்றவை பக்கத்தை வரைந்து கொடுக்கும் வேலையைக் கணினியிடம் விட்டுவிடும் ரகம். டிரைவர் இல்லாவிட்டால் அசையாது. நிறுவனத்தின் தளத்தில் நீங்கள் வாங்கும் மேக்ஓஎஸ் பதிப்புக்கு டிரைவர் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இல்லையென்றால் அதுவும் டேலி கணினியோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

மேக் மினியின் பெட்டிக்குள் மின்கம்பியைத் தவிர வேறொன்றும் வராது. திரை, கீபோர்டு, மவுஸ் உங்களுடையவை. எம்4 மினியில் (2024-ல் வந்தபோது 59,900 ரூபாய், 16 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பு) பழைய செவ்வக யூஎஸ்பி துளை ஒன்றுகூடக் கிடையாது. முன்னால் இரண்டு, பின்னால் மூன்று, ஐந்துமே டைப்-சி. பழைய கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ் செருக ஒரு ஹப் கூடவே வாங்குங்கள். பவர் பட்டன் அடிப்பக்கத்தில், பின் இடது மூலையில் இருக்கிறது. மேசைக்குக் கீழே திருகி மாட்டிவிட்டால் விரல் போகாது.

திரையில் கஞ்சத்தனம் வேண்டாம். 2018-ல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் பழைய முறையை ஆப்பிள் எடுத்துவிட்டது. அதனால் விண்டோஸில் நன்றாகத் தெரிந்த 24 அங்குல ஃபுல் எச்டி திரை மேக்கில் லேசாக மங்கித் தெரியும். தமிழின் சுழிகளில் இது இன்னும் எடுப்பாகத் தெரியும். 27 அங்குல 4கே திரை வாங்கி, டிஸ்ப்ளேஸ் பகுதியில் 1920 × 1080 அளவுக்குச் சமமான பெரிய எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து பெரிதாகவும் இருக்கும், விளிம்பும் கூர்மையாக இருக்கும். மெய்ப்புத் திருத்துபவருக்கு முழுச் செலவில் இதுதான் உருப்படியான செலவு.

ஒற்றுமிகும்:
பாமினி பற்றி. அந்த வேலையை விண்டோஸ் கணினியிலேயே முடித்துவிட்டு மேக்குக்குப் போங்கள். எதற்காகச் சொல்கிறேன் என்றால், பாமினி கோப்புக்குள் இருப்பது தமிழே இல்லை. 'தமிழ்' என்று திரையில் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுவது அந்த எழுத்துரு. மேக்கில் பாமினி எழுத்துருவை நிறுவினால் கோப்பு படிக்கத்தான் வரும். ஆனால் மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட்டில் தேடினால் கிடைக்காது, மின்னஞ்சலில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாகும், கைபேசியில் திறந்தாலும் அதே கதி.

இதை யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கருவிகளும் தமிழாகவே புரிந்துகொள்ளும் குறிமுறைக்கு, மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போதும். அது விண்டோஸ் மென்பொருள், அதனால்தான் இப்போதே செய்யச் சொல்கிறேன். ஆனால் முழுக் கோப்பையும் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் பாமினி என்று நினைத்து அது தமிழ்க் கூளமாக்கிவிடும். வேர்டில் ஃபைண்ட் பெட்டியைத் திறந்து, தேடும் சொல்லைக் காலியாக விட்டு, ஃபார்மட்டில் எழுத்துரு பாமினி என்று கொடுத்து, 'ஃபைண்ட் இன்' வழியாகத் தேடினால் பாமினி பகுதிகள் மட்டும் ஒரே நேரத்தில் தேர்வாகும். அவற்றுக்கு ஒரு நிறம் கொடுங்கள். பிறகு நிறமுள்ள பத்திகளை மட்டும் எடுத்து மாற்றி ஒட்டலாம். ஆங்கிலமே கலக்காத கோப்பென்றால் இந்தச் சுற்று தேவையில்லை.

மாற்றிய பிறகு இரண்டு இடங்களைப் பாருங்கள். பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டு மெய்யை அடிப்பார்கள். நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் யூனிகோடில் கொம்பு தனியாக, புள்ளி வட்டத்தோடு நிற்கும். இன்னொன்று துணைக்காலும் ரகரமும். பாமினியில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருப்பதால் மாற்றி அடித்திருப்பார்கள். அச்சில் தெரியாத அந்தப் பிழை மாற்றியதும் 'கரலம்', 'பரடம்' என்று பல்லைக் காட்டும்.

எழுத்துருவிலும் ஒரு முடிவு எடுத்துவிடுங்கள். விண்டோஸின் லதா மேக்கோடு வருவதில்லை. மேக்கின் தமிழ் சங்கம் எம்என் விண்டோஸில் இல்லை. அங்கே 120 பக்கம் வந்த கோப்பு இங்கே வேறு கணக்கில் நிற்கும், பொருளடக்கத்தின் பக்க எண்கள் எல்லாம் தவறாகும். நோட்டோ செரிஃப் தமிழ் இலவசம். இரண்டு கணினியிலும் அதை நிறுவி, கோப்புகளையும் அதற்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

தட்டச்சுக்கு மேக்கிலேயே அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு விசைப்பலகை அமைப்புகளும் இருக்கின்றன. சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்சஸ், எடிட், கூட்டல் குறி, தமிழ். அவ்வளவுதான். உங்கள் டைப்ரைட்டர் அமைப்புக்குக் கீமேன் என்ற இலவச மென்பொருள் வேண்டும். அதன் தளத்தில் தமிழ் விசைப்பலகைகள் பல உள்ளன. டைப்ரைட்டர் அமைப்பில் சில்லறை வேறுபாடுகள் உண்டென்பதால் படத்தை உங்கள் விரல் பழக்கத்தோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். நிறுவியதும் அக்ஸசிபிலிட்டி அனுமதி கேட்கும், கொடுக்க வேண்டும். இன்புட் சோர்சஸ் பட்டியலில் தமிழின் கீழ் தேடினால் அது கிடைக்காது. பல மொழிகளுக்கான பிரிவில் கீமேன் என்ற பெயரிலேயே இருக்கும்.

ஆனாலும் தமிழ்99-ஐ ஒருமுறை பழகிப் பார்க்கலாம். உயிர் இடது கையில், மெய் வலது கையில். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. புள்ளியை அதுவே போட்டுக்கொள்ளும். புள்ளி தனியாக வேண்டுமென்றால் எஃப் விசை. மொழி மாற்றக் கண்ட்ரோல் + ஸ்பேஸ். கேப்ஸ் லாக்கைத் தட்டினால் ஆங்கிலத்துக்கு மாறி, மறுபடி தட்டினால் தமிழுக்குத் திரும்பும்படியும் அதே இடத்தில் வைக்கலாம். ஒரு விரல் வேலை, எனக்கு அதுதான் உசத்தி.

நடுவிரல்:
கைப்பழக்கம் பற்றி யாரும் சொல்லவில்லை.

விண்டோஸ் கீபோர்டைச் செருகினால் விண்டோஸ் விசை கமாண்ட் ஆகும், ஆல்ட் விசை ஆப்ஷன் ஆகும். இரண்டும் மேக் கீபோர்டில் இடம் மாறி இருப்பவை. கீபோர்டு ஷார்ட்கட்ஸ் உள்ளே மாடிஃபையர் கீஸ் பகுதியில் இவ்விரண்டையும் மாற்றிவிடுங்கள். அப்போது ஸ்பேஸ்பாருக்குப் பக்கத்து விசை கமாண்ட்; காப்பிக்கு கமாண்ட் + சி, ஒட்டக் கமாண்ட் + வி. கண்ட்ரோலையே கமாண்டாக்கிவிடு என்று சிலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். மொழி மாற்றும் கண்ட்ரோல் + ஸ்பேஸும் ஸ்பாட்லைட்டின் கமாண்ட் + ஸ்பேஸும் இடம் மாறிக் குழப்பும்.

சிவப்புப் பொத்தான் சன்னலை மட்டும் மூடும், வேர்டு பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். முழுதும் மூட கமாண்ட் + க்யூ. பச்சைப் பொத்தானை அழுத்தினால் முழுத்திரையாகி மேல் மெனு மறைந்துவிடும். புதிதாக வருபவர்கள் அதிகம் திகைப்பது இங்கேதான். வெளியே வர கண்ட்ரோல் + கமாண்ட் + எஃப். பெரிதாக்க மட்டும் வேண்டுமென்றால் ஆப்ஷனை அழுத்திக்கொண்டு பச்சையைச் சொடுக்குங்கள்.

ஃபைண்டரில் (மேக்கில் கோப்புகளைப் பார்க்கும் சன்னல்) கோப்பைத் தேர்ந்து என்டர் தட்டினால் திறக்காது, பெயர் மாற்றக் கேட்கும். தெரியாமல் அடுத்த விசையைத் தட்டினால் கோப்பின் பெயரே போய்விடும் (கமாண்ட் + இசட் மீட்டுத் தரும்). திறக்க கமாண்ட் + ஓ. கோப்பை வெட்டி ஒட்ட, கமாண்ட் + சி, பிறகு ஆப்ஷன் + கமாண்ட் + வி. ஹோம், எண்ட் விசைகள் பல இடங்களில் வரியின் முனைக்குப் போகாமல் ஆவணத்தின் முனைக்கு ஓடும். வரிக்குக் கமாண்ட் + இடது அல்லது வலது அம்பு.

மவுஸ் உருளை தலைகீழாகச் சுற்றுவதுபோல் தோன்றினால் மவுஸ் பகுதியில் நேச்சுரல் ஸ்க்ரோலிங்கை அணையுங்கள். பார்வைக்கு: அக்ஸசிபிலிட்டி, ஸூம், அதில் ஸ்க்ரோல் கெஸ்ச்சர் என்பதை இயக்குங்கள். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு உருளையைச் சுற்றினால் திரையே பெரிதாகும். மெய்ப்பில் ஒற்றுப்புள்ளி இருக்கிறதா, தூசியா என்று பார்க்க இதைவிட வசதி இல்லை.

புது மென்பொருளை இறக்கினால் டிஎம்ஜி என்றொரு கோப்பு வரும். அதைத் திறந்து, உள்ளே இருக்கும் மென்பொருளின் சின்னத்தை அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்கு இழுத்துவிட்டு, டிஎம்ஜியை வெளியேற்றிவிட வேண்டும். டிஎம்ஜிக்குள்ளிருந்தே ஓட்டினால் மறுநாள் மென்பொருளைக் காணோம் என்று தேடுவீர்கள்.

பழையமேசை:
எல்லாருக்கும் நன்றி. கோப்புகளை மாற்ற ஆப்பிளின் மைக்ரேஷன் அசிஸ்டன்டா, வெளி ஹார்டு டிஸ்க்கா? விண்டோஸில் பயன்படுத்திய 1 டிபி டிஸ்க் ஒன்று இருக்கிறது. அதை அப்படியே மேக்குக்கும் வைத்துக்கொள்ளலாமா?

செம்புக்கம்பி:
வெளி டிஸ்க்கே நல்லது. மைக்ரேஷன் அசிஸ்டன்ட் வேலை செய்யும். ஆனால் இரு கணினிகளும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், விண்டோஸ் பக்கம் ஆன்டிவைரஸ், ஃபயர்வால் தடுக்கும், பழைய டிஸ்க்கில் பிழை இருந்தால் பாதியில் நிற்கும். மேக்கில் கணக்கு தொடங்கிய பிறகு ஓட்டினால் உங்கள் கோப்புகளுக்கென்று இரண்டாவது பயனர் கணக்கு ஒன்று முளைக்கும். உங்கள் அளவுக்கு டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் நான்கையும் கையால் நகலெடுப்பது ஒரு மாலை வேலை.

உங்கள் டிஸ்க் பெரும்பாலும் விண்டோஸுக்கான என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கும். மேக் அதைப் படிக்கும், எழுதாது. இழுத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காது. டிஸ்க் பழுது என்று நினைத்துவிட வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் மேக்கில் நகலெடுங்கள். பழைய கணினியிலும் அவை இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொண்ட பிறகு டிஸ்க்கை அழிக்கலாம். இரு பக்கமும் புழங்க வேண்டுமென்றால் டிஸ்க் யுடிலிட்டியில் வியூ மெனுவின் ஷோ ஆல் டிவைசஸ், இடப்பக்கம் மேல்வரியில் இருக்கும் டிஸ்க்கைத் தேர்ந்து இரேஸ், வடிவம் எக்ஸ்ஃபேட், ஸ்கீம் ஜியுஐடி. கீழ்வரியைத் தேர்ந்தால் ஸ்கீம் கேள்வியே வராது.

மேக்கின் சொந்த பேக்கப் வசதியான டைம் மெஷினுக்கு வேறு டிஸ்க் வாங்குங்கள். அது டிஸ்க்கை முழுதும் அழித்து ஏபிஎஃப்எஸ் ஆக்கிக்கொள்ளும், விண்டோஸால் படிக்க முடியாது. மேக்கின் சேமிப்பைப் போல் இரு மடங்காவது வேண்டும். 256 ஜிபிக்கு 512 என்றாலும் 1 டிபியாக வாங்குவதே நல்லது.

அவுட்லுக்: கணக்கு ஐமேப் (கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும் முறை) என்றால் மேக்கில் கணக்கைச் சேர்த்ததும் எல்லாம் வந்துவிடும். பாப் (கடிதங்களைக் கணினியில் இறக்கி வைக்கும் முறை) என்றால் கடிதங்கள் அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பில் மட்டும்தான் இருக்கும், ஆப்பிள் மெயில் அதைத் திறக்காது. பழைய அவுட்லுக்கிலேயே ஜிமெயிலை ஐமேப் கணக்காகச் சேர்த்து, கோப்புறைகளை அதற்குள் இழுத்துவிடுங்கள். பழைய பதிப்பு கடவுச்சொல்லை ஏற்காவிட்டால் கூகுள் கணக்கில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்டு எடுத்துப் போடுங்கள். சில நூறு கடிதங்களாக நகர்த்துங்கள். மொத்தமாக இழுத்தால் நடுவில் அறுந்து, எது போனது எது நின்றது என்று தெரியாமல் போகும். ஜிமெயிலின் இலவச இடம் 15 ஜிபி, டிரைவ், போட்டோஸ் எல்லாம் சேர்த்து. பிஎஸ்டியின் அளவை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றுமிகும்:
விட்டுப்போன இரண்டு. ஜீவன் பிரமாணுக்கு விண்டோஸும் கைரேகைக் கருவியும் இனி அவசியமில்லை, ஆண்ட்ராய்டு கைபேசியில் முகம் காட்டியே முடிக்கலாம்.

பென்டிரைவில் மேக்கிலிருந்து கோப்பு ஏற்றி ஜெராக்ஸ் கடைக்குப் போனால், அங்குள்ள விண்டோஸில் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் அதே பெயரில், முன்னால் புள்ளியும் அடிக்கோடும் போட்ட இன்னொன்று தெரியலாம். அளவு சில கேபிதான் இருக்கும். கடைக்காரர் அதைச் சொடுக்கிவிட்டு 'ஃபைல் கரப்ட் சார்' என்பார். அது மேக் தன் குறிப்புகளை எழுதி வைக்கும் துணைக்கோப்பு. பக்கத்தில் இருக்கும் பெரிய கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். ஆப்பிளின் பேஜஸ் மென்பொருளில் செய்த ஆவணமென்றால் அங்கே அதுவும் திறக்காது. வீட்டிலேயே ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் டு போய்ப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். பிடிஎஃப்பில் எழுத்துருவும் உள்ளேயே இருப்பதால் கடைக் கணினியில் நோட்டோ இல்லாவிட்டாலும் அச்சு மாறாது.