நகர்மையத்துக்குக் கூடுதல் கவுன்சிலர் கேட்பது நியாயமா?

மாடிவீட்டுக்காரன்:
டொராண்டோவில் 1998-இல் ஆறு நகராட்சிகளை ஒன்றாக்கியதிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை. புறநகர்ப் பகுதிகளான ஸ்காபரோ, நார்த் யார்க், எட்டோபிகோ கவுன்சிலர்கள் ஒன்று சேர்ந்தால் நகர்மையத்தின் பேச்சு எடுபடாது. 2011-இல் நகர்மையத்தில் உள்ள ஜார்விஸ் தெருவின் சைக்கிள் பாதையை எடுத்துவிட நகர மன்றம் முடிவு செய்தது. அந்த வார்டு கவுன்சிலர் எதிர்த்தும் பலிக்கவில்லை. நகர்மையத்துக்குக் கூடுதல் இடம் தந்தால்தானே சரியாகும்?

கோடுகிழிப்பவன்:
கூடுதல் என்று கேட்டால் தோற்றுவிடுவீர்கள். தலைக்கணக்குப்படி சேர வேண்டியதைக் கேளுங்கள், அதற்கே நியாயம் பலமாக இருக்கிறது. முன்பிருந்த 44 வார்டு எல்லைகள் 2000 வாக்கில் போட்டவை. அப்புறம் நகர்மையத்தில் அடுக்குமாடிகள் முளைத்துக்கொண்டே இருந்தன, கோடு மட்டும் நகரவில்லை. அதைச் சரிசெய்யத்தான் 47 வார்டுத் திட்டம் வந்தது. 2026-இல் எங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணித்து, நகர்மையத்துக்கு மூன்று வார்டு கூட்டினார்கள். 2018-இல் வேட்புமனு எல்லாம் முடிந்த பிறகு ஒன்டாரியோ மாகாண அரசு அதை 25 ஆக வெட்டியது. வார்டுக்குச் சராசரி 61,000 பேர் என்றிருந்தது சுமார் 1,11,000 ஆனது. 2021-இல் கனடா உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வெட்டியது செல்லும் என்றுவிட்டது. இதில் ஸ்காபரோக்காரருக்கும்தான் நஷ்டம்: தெருவிளக்கு எரியவில்லை என்று கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போன் போட்டால், வரிசை அங்கேயும் நீளம்தான்.

இன்னொரு வேடிக்கை. குடியுரிமை இல்லாதவர் நகர்மையத்தில் எத்தனை வருடம் இருந்தாலும் மக்கள்தொகையில் மட்டும் உண்டு, ஓட்டு கிடையாது. டொராண்டோவில் வீடு வாங்கிப் போட்டுவிட்டு ஒன்டாரியோவில் வேறு ஊரில் வசிக்கும் குடிமகனுக்கோ உண்டு!

புறநகரான்:
எல்லாம் சரி, ஜார்விஸ் வழியாகத்தான் நாங்கள் வேலைக்கு வருகிறோம். வரி மட்டும் ஒரே கஜானாவுக்கு, தெரு மட்டும் உங்களுடையதா?

கோடுகிழிப்பவன்:
நல்ல கேள்வி. தலைக்கணக்கு இதைத் தீர்க்காது. எல்லா வார்டும் அச்சுப்பிசகாமல் சமமாக இருந்தாலும் புறநகரில்தான் ஆள் அதிகம், ஓட்டெடுப்பில் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். எந்த விஷயத்தை யார் முடிவு செய்வது என்பதில்தான் சிக்கல். இப்போதே அந்தந்தப் பகுதிக் கவுன்சிலர்கள் மட்டும் கூடும் நான்கு சமூக மன்றங்கள் இருக்கின்றன. சந்துத் தெருவின் நிறுத்தப் பலகை மாதிரி விஷயங்கள் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். பெரிய சாலை என்றால் முழு மன்றத்துக்குப் போகும், ஜார்விஸ் போனது அப்படித்தான். சமூக மன்றத்திலேயே முடியும் விஷயங்களின் பட்டியலைக் கொஞ்சம் அகட்டலாம் என்பது என் வாதம்.

புறநகரான்:
அகட்டுங்கள். ஆனால் எங்கள் பக்கத்துப் பேருந்துத் தடம் பற்றிய முடிவையும் எங்களிடமே விடுவீர்களா, இல்லை அதற்கு மட்டும் முழு மன்றமா?

மாடிவீட்டுக்காரன்:
பேருந்து உங்கள் பகுதி எல்லையோடு நின்றுவிடுவதில்லையே, அதுதான் யோசனையாக இருக்கிறது.