இலாபத்தில் ஓடும் கம்பனி எஸ் அண்ட் பி ஸ்ரீலங்கா 20 பட்டியலில் ஏன் இல்லை?

நல்லூர்வாசி: வணக்கம். அப்பா வாங்கிவைத்த பங்குகளை யாழ்ப்பாணத்தில் இருந்து இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஒரு கம்பனி ஒழுங்காகப் பங்கிலாபம் தருகிறது, சந்தைப் பெறுமதியிலும் (பங்கு விலையை மொத்தப் பங்குகளால் பெருக்கிய தொகை) முன்வரிசை. ஆனால் கொழும்புப் பங்குச் சந்தையின் 20 பெரிய கம்பனிகளின் விலைப்போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி ஸ்ரீலங்கா 20 சுட்டெண்ணில் அதன் பெயர் இல்லை. அதைவிடச் சிறிய கம்பனிகள் இருக்கின்றன. கணக்கில் ஏதும் பிழையா? அம்மா விற்கச் சொல்கிறா.

சுன்னாகத்தார்: தம்பி, அந்தக் காரணத்துக்காக மட்டும் விற்க வேண்டாம். 2012இல் பழைய மிலங்கா சுட்டெண்ணுக்குப் பதிலாக இதைக் கொண்டுவந்தார்கள். இதில் ஒரு கம்பனியின் நிறையை, அதாவது சுட்டெண்ணில் அதற்குள்ள செல்வாக்கைக் கணிக்க மொத்தச் சந்தைப் பெறுமதியை அப்படியே எடுப்பதில்லை. தாய்க்கம்பனி, அரசாங்கம் போன்றோர் பிடித்துவைத்திருக்கும் பங்குகளைக் கழித்து, சந்தையில் உண்மையாகக் கைமாறக்கூடிய பங்குகளைத்தான் கணக்கெடுப்பார்கள். 100 பில்லியன் ரூபா பெறுமதியான கம்பனியில் 16 சதவீதம்தான் வெளியில் இருந்தால் கணக்குக்கு வருவது 16 பில்லியன். 40 பில்லியன் கம்பனியில் 60 சதவீதம் வெளியில் இருந்தால் 24 பில்லியன். நிறையில் சிறியது முந்திவிடும். சிலோன் டொபாக்கோவைப் பாருங்கள், 84 சதவீதத்துக்கு மேல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ குழுமத்திடம்தான்.

பட்டியலில் சேர்வதற்கோ பெரிய கம்பனியாக இருந்தால் மட்டும் போதாது: இப்படி வெளியில் உள்ள பங்குகளின் பெறுமதி ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்ட வேண்டும், கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் நிகர இலாபம் இருக்க வேண்டும், பங்கு போதியளவு விற்று வாங்கப்பட வேண்டும். வெளியில் பங்கு குறைவென்றால் கைமாறுவதும் குறையும். ஆண்டறிக்கையில் முதல் 20 பங்குதாரர் பட்டியலையும், பொதுமக்களிடம் உள்ள பங்கு எத்தனை சதவீதம் என்பதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நல்லூர்வாசி: பார்த்தேன் அண்ணா. தாய்க்கம்பனியிடமே 80 சதவீதத்துக்கு மேல். சில நாட்களில் வியாபாரமே இல்லை. அப்படியென்றால் எந்தச் சுட்டெண்ணிலும் இது கணக்கில் இல்லையா?

கோண்டாவில் வாசகி: இருக்கிறது. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண்ணில் தெரிவு என்ற பேச்சே இல்லை, பட்டியலிட்ட கம்பனிகளின் சாதாரண பங்குகள் எல்லாம் சேரும். 1985ஐ 100 ஆக வைத்துத் தொடங்கியது அது. அங்கே முழுச் சந்தைப் பெறுமதிதான் நிறை என்பதால், உங்கள் கம்பனி போல வெளியில் குறைவாக உள்ள பெரிய பங்குக்கு அதில் செல்வாக்கு அதிகம். சில பங்குகள் கைமாறி விலை ஏறினாலே சுட்டெண்ணும் அசையும். எஸ் அண்ட் பி 20 இல் ஒரே பங்கின் செல்வாக்கு மிஞ்சாமல் இருக்க, பட்டியலைப் புதுப்பிக்கும் மறுசீரமைப்பின்போது ஒரு பங்கின் நிறை 15 சதவீதத்தைத் தாண்டாதபடி வெட்டிவிடுகிறார்கள்.

ஆனால் தம்பி, அம்மாவின் பயத்தையும் தள்ளிவிடாதீர்கள். பட்டியலில் இல்லாதது கம்பனி கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லைதான். என்றாலும் அதைத் தடுத்த அதே காரணம் உங்களையும் பாதிக்கும். திடீரென ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அந்தப் பங்கை நினைத்த நாளில், நினைத்த விலைக்கு விற்க முடியாது. வீட்டுக்கு அவசரத்துக்குத் தேவைப்படும் காசு இதில் கிடக்கக்கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நல்லூர்வாசி: நன்றி அக்கா. அப்படியானால் கொஞ்சத்தை விற்று வங்கியில் போடலாம் என்று நினைக்கிறேன்.

சுன்னாகத்தார்: சரி. ஒரேயடியாகக் கொடுக்காமல் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். புரோக்கரிடம் ‘சந்தை விலைக்கு’ என்று சொல்ல வேண்டாம். வாங்குவோர் குறைந்த நாளில் விலை சரிந்துவிடும். இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்று விலையைக் குறித்துக் கொடுங்கள்.