அப்பாவுடன் சேர்ந்து சீரமைத்த 1971 எம்ஜிபி: விற்கும் முன் எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது?

கேள்வி

வணக்கம். நான் இலண்டனின் மேற்குப் புறநகரில் வசிக்கிறேன். என் அப்பாவும் மூத்த மகளான நானும் 2009 முதல் 2015 வரை ஞாயிற்றுக்கிழமைகளில் சீரமைத்த 1971ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரித்தானியத் திறந்த காரை இப்போது விற்க வேண்டியிருக்கிறது. 79 வயதாகும் அப்பா வீட்டை விட்டு ஓர் அடுக்ககத்துக்கு மாறுகிறார். அங்கே கராஜ் இல்லை, என்னிடமும் இல்லை. விற்கச் சொன்னவரும் அவரேதான். "நிக்கிற காரைத்தான் கறள் தின்னும் பிள்ளை, ஓடுற ஆளாப் பாத்துக் குடு" என்றார். ஆகவே விற்பதா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் அப்பா யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கராஜ் வைத்திருந்தவர். உதிரிப்பாகங்கள் வடக்குக்கு வராத அந்த ஆண்டுகளில், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களைச் சிறிதளவு பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட வைத்திருக்கிறார். அக்கார்களில் இருந்த பி வரிசை எஞ்சின்தான் 1798 சிசியாகப் பெருத்து எம்ஜிபியிலும் இருக்கிறது. நாங்கள் இதை வாங்கியதற்கே அதுதான் காரணம். வாங்கியபோது உள்ளே தண்ணீர் உறைந்து சிலிண்டர் பிளாக் வெடித்திருந்தது. அப்பா மொறிஸ் மரீனா 1.8 காரின் அதே வரிசை எஞ்சினை வாங்கி, எம்ஜிபியின் ஹெட்டையும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களையும் அதில் ஏற்றினார். கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடு கடையில் ஆயத்தமாகக் கிடைத்தும், இடப்பக்கத்துக்கு உரியதை, தட்டைத் தகட்டை மரக்கட்டையில் வைத்துத் தட்டி மடித்துத் தாமே செய்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அந்தக் கதவின் பின்விளிம்பில் இடைவெளி மேலே 4 மில்லிமீட்டர், கீழே 6.

பார்க்க வந்த வணிகர் ஒருவர், எஞ்சினையும் அந்தத் தகட்டையும் மாற்றித் தந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் அதில் மூன்றில் இரண்டு பங்கு என்கிறார். மாற்றுவது சரியா? விற்ற பணத்துக்கு வரி உண்டா? அப்பாவின் முன்னால் இதைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

பதில் 1

வணக்கம் சகோதரி. இரண்டையும் மாற்றாதீர்கள். 1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிக்கள் செய்யப்பட்டன. இவ்வளவு பரவலான காரை வாங்குபவர்களில் பெரும்பாலானோர் ஓட்டுவதற்காக வாங்குபவர்களே ஒழிய, எஞ்சின் எண் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வாங்குபவர்கள் அல்லர். ஆனால் இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடலின் பலமே சில் பகுதியில்தான் இருக்கிறது. ஆகையால் விவரமறிந்தவர் இடைவெளியைவிட, வண்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்றுதான் கவலைப்படுவார். பற்றவைத்தபோது எடுத்த படங்கள் இருந்தால், குறிப்பாக உட்தகடு தெரியும் படங்கள் இருந்தால், அவற்றை விளம்பரத்திலேயே போடுங்கள்.

எஞ்சின் விஷயத்தில் ஒன்று மட்டும் கட்டாயம்: இப்போதுள்ள எஞ்சினின் எண் வி5சி எனப்படும் காரின் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். கேய்டனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம், தொழிற்சாலைப் பதிவுகளிலிருந்து சான்றிதழ் எடுத்துத் தருகிறது. அதில் முதல் எஞ்சினின் எண் இருக்கும். இரண்டையும் வாங்குபவரிடம் வெளிப்படையாகக் காட்டுங்கள். வெடித்த அந்தப் பழைய பிளாக் இன்னும் இருக்கிறதா? இருந்தால் காரோடு சேர்த்துக் கொடுங்கள்; விரும்புபவர் பின்னர் அதைச் சரிசெய்துகொள்ளட்டும்.

வரி பற்றி: தனிப்பட்ட பாவனைக்கான கார் மூலதன ஆதாய வரிக்கு உட்படாது, இலாபம் வந்தாலும் அப்படியே. 40 ஆண்டு கடந்த கார் என்பதால் எம்ஓடி எனும் ஆண்டுப் பாதுகாப்புப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆயினும் விற்கும் முன் ஒருமுறை எடுத்துவிடுங்கள், அந்தத் தாள் பல கேள்விகளைக் குறைக்கும். விலைக்கு, கேட்கும் விலைகளைப் பார்க்காமல் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள்.

பதில் 2

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அம்பாசிடரில் பல்லாண்டு ஓடியதும் இதே பி வரிசையின் 1489 சிசி எஞ்சின்தான் என்பதால், உங்கள் தந்தையின் துணிச்சலை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் 2 மில்லிமீட்டர் வேறுபாட்டை அப்படியே விட்டுவிடலாம் என்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. அது தகட்டின் குறையா, கீல் தளர்ந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். காரை ஜாக்கியில் தூக்கிய நிலையில் அந்தக் கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி மாறாமல் கதவு சுலபமாக மூடினால் சில் உறுதியாக இருக்கிறது. கீலைச் சரிசெய்தால் போதும். கதவு இடித்தால் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் வெல்டரிடம் பேச வேண்டும்.

நான் என் தந்தையின் காரை விற்றபோது, பின் சக்கர வளைவில் பட்டி பூசி மறைத்திருந்த துருவைச் சொல்லாமல் விட்டேன். நான்கு மாதம் கழித்து வாங்கியவர் அந்தத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தேன். ஆனால் அவர் என் தந்தையின் வேலையையே சந்தேகப்பட்டுப் பேசியதற்கு என்னிடம் பதில் இல்லை. தந்தை செய்தது எது, செய்யாமல் விட்டது எது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆறு ஆண்டு உழைப்பை மட்டும் விலையில் கூட்டாதீர்கள், அதை யாரும் தரமாட்டார்கள்.

பதில் 3

சுருக்கமாகச் சொல்கிறேன். ஓட்டிப் பார்க்க வருபவரின் காப்புறுதியைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். பணம் வங்கிக் கணக்கில் சேர்ந்த பின்னரே காரை விடுங்கள். வாங்குபவரிடம் வி5சியின் பச்சைத் துண்டை மட்டும் கொடுத்துவிட்டு, கார் கைமாறியதை நீங்களே இணையவழி அறிவித்துவிடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. நேற்றுக் காரைத் தூக்கிக் கதவைப் பார்த்தோம்: இடிக்கவில்லை, இடைவெளியும் அசையவில்லை. மேல் கீலின் திருகுகள்தான் தளர்ந்திருந்தன. வணிகர் சொன்னதையும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை, "மரீனா எண்டு முதல் வரியிலேயே எழுது" என்றார். பழைய பிளாக்கை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, எழுந்து தாம் உட்கார்ந்திருந்த மெத்தையை எடுத்துக் காட்டினார். பத்தாண்டுக்கும் மேலாக அவர் கராஜில் அமர்ந்து தேநீர் குடித்தது அதன் மேல்தான். எண் தகடும் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. காரோடு அதையும் கொடுக்கச் சம்மதித்துவிட்டார், புதிய வீட்டுக்கு ஒரு முக்காலி வாங்கித் தர வேண்டுமாம்.