நியாஸ் தீவிலிருந்து வாங்கிவந்த பாட்டி: எந்த ஆவணத்தில் தேடுவது?

தோ பாயோ மருமகள்:

வணக்கம். என் மாமியார் மலாக்காவில் 'சிட்டி' எனப்படும், அங்கே குடியேறிய தமிழ் வணிகர் வழிவந்த குடும்பத்தில் பிறந்து, மணமாகி சிங்கப்பூருக்கு வந்தவர். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது பிள்ளையாரை. பொங்கலையொட்டி முன்னோருக்குப் படைக்கும் பார்ச்சு அன்று, வாழையிலை விரித்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பார். ஓர் ஆளுக்கு மட்டும் பெயர் கிடையாது. 'நேனே நியாஸ்' என்பார். நியாஸ் பாட்டி, அவ்வளவுதான்.

சுமத்ராவுக்கு மேற்கே உள்ள நியாஸ் தீவுக்காரி. குடும்பத்தின் மூத்த வணிகர் அவளைப் 'புடாக்'காக, அதாவது அடிமையாக, வாங்கினார். பிறகு அவருக்கே பிள்ளைகள் பெற்றாள். வீட்டில் வழங்கும் கதை இதுதான். தலைமுறைகளை எண்ணினால் 1820 வாக்கில் வருகிறது.

இரண்டு மாதமாகத் தேடுகிறேன். தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் 'நியாஸ்' என்று தட்டினால் கப்பல் செய்திகள் கொட்டுகின்றன, பாட்டி வரவில்லை. இணையத்தில் வம்சாவளி தேடித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 300 வெள்ளி கொடுத்தேன். நான் எழுதிக் கொடுத்த பெயர்களையே அழகாகக் கட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். அவளுக்கு ஒரு பெயராவது இருந்திருக்க வேண்டும் அல்லவா? எங்கே தேடுவது?

மைக்ரோஃபிலிம் மாமா:

நீங்கள் பாட்டியைத் தேடுகிறீர்கள். அவளை விட்டுவிட்டு வணிகரைத் தேடுங்கள். அடிமை அந்தக் கால ஏடுகளில் ஆளாக வரமாட்டாள், சொத்தாக வருவாள். உடையவர் உயில் எழுதும்போது, கடனுக்கு ஈடு வைக்கும்போது, செத்தபின் வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுக்கும்போது, வெண்கலப் பானைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு வரியில் இருப்பாள்.

மலாக்காவை டச்சுக்காரர் 1641இல் பிடித்தார்கள். 1824 உடன்படிக்கைப்படி அது பிரிட்டிஷார் கைக்கு வந்தது. உங்கள் பாட்டி சரியாக அந்தத் திருப்பத்தில் நிற்கிறாள், அதனால் இரண்டு கட்டுகளையும் பார்க்க வேண்டும். மலாக்காவின் அநாதைப் பிள்ளைகள் காப்புச் சபை, நீதிச் சபை ஆகியவற்றின் டச்சு ஏடுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'ஆர்/9' என்ற வரிசையில் இருக்கின்றன. உயில், சொத்துக் கணக்கு எல்லாம் அதில்தான். பிரிட்டிஷ் பக்கத்துக்கு நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) ஆவணங்கள். அவற்றை நம் தேசிய நூலகத்திலேயே மைக்ரோஃபிலிமில் பார்க்கலாம். கையெழுத்துப் பிரதி, கண் வலிக்கும், சொட்டு மருந்தோடு போங்கள்.

டச்சு ஏட்டில் 'ஸ்லாவின்', 'மெய்ட்', 'லைஃபெய்கன்' என்ற சொற்களைக் கண்டால் நின்று படியுங்கள். முதலாவது அடிமைப்பெண். இரண்டாவது வேலைக்காரி என்று பொருள்பட்டாலும் பல இடங்களில் அடிமையையே குறிக்கும். மூன்றாவது உடலே அடுத்தவருக்குச் சொந்தமானவர். பெயருக்குப் பின்னால் 'ஃபன் நியாஸ்' என்று இருக்கலாம். ஆனால் பிறந்த ஊர்தான் என்று நம்பிவிடாதீர்கள். எந்தத் துறைமுகத்தில் வாங்கினார்களோ அந்த ஊரையே பல நேரம் ஒட்டிவிடுவார்கள். முன்னால் உள்ள பெயரும் எசமான் வைத்ததாக இருக்கும்.

தேவாலயத்து ஞானஸ்நான ஏடுகளில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். இந்து வீட்டுப் பிள்ளைகள் அதில் எப்படி வருவார்கள்?

வரலாறு காப்போம்:

தமிழ் வணிகர் அடிமை வைத்திருந்தார்கள் என்று பொதுவெளியில் எழுதுவது சரியா? நம்மவரைத்தான் வெள்ளைக்காரன் அடிமையாக ஏற்றிப் போனான். இது தேவையற்ற அவதூறு.

மைக்ரோஃபிலிம் மாமா:

இரண்டும் நடந்தது ஐயா. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் டச்சுக் கப்பல்கள் ஆட்களை பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றிச் சென்றன. அதே காலத்தில் மலாக்காவில் வசதியான வீடு எந்த இனத்தாருடையதாக இருந்தாலும் அடிமை இருந்தார். அந்த நியாஸ் பாட்டியின் வழிவந்தவரே வாழையிலை போட்டு அவளை அழைக்கிறார். அவதூறு எங்கே இருக்கிறது?

ஈசூன் வாத்தியார்:

பணி ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியன் நான். அம்மா, 'புடாக்' என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு கட்டிவிடாதீர்கள். இன்று இங்கே அது சின்னப் பிள்ளை. பழைய மலாயில் அடிமை, ஏவலாள். 'புடாக்காக வந்தாள்' என்றால் சிறுமியாக வந்தாள் என்றும் கொள்ளலாம். மாமியார் எந்த வினைச்சொல்லைச் சொன்னார் என்று கேளுங்கள். 'பெலி' என்றால் வாங்குவது. வேறு ஏதாவது சொன்னாரா?

இன்னொன்று. கடனுக்காக உழைத்துக் கழித்தவர்களும் இருந்தார்கள். கடன் தீராமலே பிள்ளைகுட்டி பெற்று மாண்டும் போனார்கள். ராஃபிள்ஸ் 1823இல் சிங்கப்பூரில் அடிமை வணிகத்தைத் தடைசெய்த பிறகும் இந்தக் கடன்கட்டு ஒழியவில்லை. அவரே சுமத்ராவின் பென்கூலனில் இருந்தபோது நியாஸில் ஆள் விற்பதை நிறுத்தப் போய், கிழக்கிந்தியக் கம்பெனி மேலிடத்தின் கண்டனத்துக்கு ஆளானார். அந்தக் கடிதப் போக்குவரத்தில் உங்கள் பாட்டி இருக்கமாட்டாள். அவளைப் போன்றவர்களை எப்படிக் கொண்டுபோனார்கள் என்பது தெரியவரும்.

கொழும்புத்துறையான்:

ஒரு குறிப்பு. 1843 சட்டத்துக்குப் பிறகு கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் எந்த நீதிமன்றமும் அடிமையைச் சொத்தாக ஏற்காது. ஆகவே அதற்குப் பிந்திய உயிலில் 'அடிமை' என்று தேடினால் வெறுங்கைதான். வேலைக்காரி, வளர்ப்பு மகள், சில வேளை 'வீட்டில் இருக்கும் இன்னாள்' என்றே வரும். என் பூட்டன் ஊரான யாழ்ப்பாணத்தில் 1818 வாக்கில் அடிமைகளைப் பதிந்த ஏடு உண்டு. அதில் எவர் வீட்டுப் பெயர் வருகிறது என்று தேடப் போனவர்கள், உறவினர் முகத்தைப் பார்த்து ஏட்டை மூடியும் இருக்கிறார்கள்.

தோ பாயோ மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்னபடி நேற்று இரவு அத்தையிடம் கேட்டேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "அவளை வாங்கினார்கள் என்று உங்கள் பாட்டி எந்தச் சொல்லால் சொன்னார்?" என்றேன். கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "பெலி என்று யார் சொன்னது? தெபுஸ் என்றுதான் பாட்டி சொல்வார்."

'தெபுஸ்' எனக்குத் தெரிந்த சொல்தான். அடகுக்கடையில் வளையலைத் திருப்பும்போது சொல்வது. மீட்பது.

இருநூறு ஆண்டுக் கதையை நான்தான் 'வாங்கினார்' என்று தமிழில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அத்தை திருத்தவும் இல்லை.

ஈசூன் வாத்தியார்:

அப்படியானால் கதை வேறு. மீட்க வேண்டுமென்றால் அதற்கு முன்பு அவளை இன்னொருவர் பிடித்து வைத்திருக்க வேண்டும். கடன்கட்டாக இருக்கலாம், அடிமை விலையைக் கொடுத்து விடுவித்ததாகவும் இருக்கலாம். கொடுத்த பணத்துக்கு ஈடாக அவளை வீட்டில் வேலை வாங்கியிருந்தாலும் அந்தச் சொல்தான். ஆகவே உடனே மனம் குளிர்ந்துவிட வேண்டாம்.

மைக்ரோஃபிலிம் மாமா:

வாத்தியார் சொல்வது சரி. நானும் என் பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். வணிகருடைய உயிலை மட்டும் பார்த்தால் போதாது. அவர் யாருக்குப் பணம் கொடுத்தார் என்பதுதான் இப்போதைய கேள்வி. விடுதலைப் பத்திரம் எழுதியிருந்தால் அது பழைய உடையவரின் பெயரில் பதிவாகியிருக்கும். மலாக்காவில் குடும்பத்தின் பழைய வீட்டுக்கு அக்கம்பக்கம் யார் இருந்தார்கள், யாரோடு கொடுக்கல் வாங்கல் என்று அத்தைக்கு நினைவிருக்கிறதா?

ஒரு எச்சரிக்கை. 'ஃபன் நியாஸ்' என்று முதலில் கண்ணில் படுகிற பெண்ணை உங்கள் பாட்டி என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒட்டுப்பெயரோடு பலர் இருப்பார்கள். வணிகரின் பெயர், அவர் காலம், பிள்ளைகளின் பெயர் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு ஒரே தாளில் பொருந்த வேண்டும். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் வங்காளத்து ஆஞ்செலா என்ற அடிமையை இன்று வரிசையாகத் தொடர முடிகிறது: 1657இல் வந்தாள், 1666இல் விடுதலை, 1669இல் திருமணம். விடுதலைக்குப் பிறகு அவள் பெயரிலேயே நிலம் வந்தது, அதனால் தெரிகிறாள். உங்கள் பாட்டிக்கு அந்த வாய்ப்பு இருந்ததாகக் கதையில் இல்லை.

தோ பாயோ மருமகள்:

அத்தைக்கு ஒரு பெயர் நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், அரிசி வியாபாரி. குடும்பத்தில் மூத்தவர்களிடம் கேட்காமல் இங்கே எழுத மனமில்லை, மன்னிக்கவும். சனிக்கிழமை நூலகத்துக்குப் போகிறேன். அத்தையும் வருவதாகச் சொல்கிறார். 'படிக்கத் தெரியாது, ஆனால் பக்கத்தில் உட்காருகிறேன்' என்றார். மாமா, சொட்டு மருந்து எந்தக் கடையில் வாங்குவீர்கள்?