குறைபார்வையை எண்ணால் வரையறுப்பது சரியா?

நெய்தல்: சிகிச்சைக்கும் கண்ணாடிக்கும் பிறகு பார்வைச் செயல்பாடு குன்றியிருந்தாலும், தக்க உதவிக் கருவியைக் கொண்டு எஞ்சிய பார்வையால் ஒரு வேலையைச் செய்பவரையோ செய்யக்கூடியவரையோ குறைபார்வையுடையவர் என்றது இந்தியாவின் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம். அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணில், கண்ணாடி அணிந்த பிறகும், பார்வைக் கூர்மை 6/18க்கு (இயல்பான கண் 18 மீட்டரிலிருந்து காண்பதை 6 மீட்டரிலிருந்துதான் காண முடிவது) கீழே 3/60 வரை இருக்க வேண்டும், அல்லது பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் பார்க்கக்கூடிய பரப்பு, 40 பாகைக்குக் கீழே 10 பாகை வரை குறுகியிருக்க வேண்டும் என்கிறது. அந்த மனிதரால் என்ன செய்ய இயலும் என்பதை இது கேட்பதே இல்லை. பழைய வரையறையே மேல்.

மருதன்: நெய்தல் அவர்களே, 'செய்யக்கூடியவர்' என்பதை யார் தீர்மானிப்பது? அரசு வேலையில் பார்வையின்மைக்கும் குறைபார்வைக்கும் சேர்த்தே 1% ஒதுக்கீடு இருக்கும்போது, எண் இல்லாத வரையறை சான்றிதழ் தருபவரின் மனப்போக்குக்கு வழிவிடும்.

நெய்தல்: ஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40% குறைபாடு வேண்டும் என்ற தனி விதி இருக்கிறதே! தகுதியானவரைப் பிரித்தெடுக்கும் வேலையைக் 'குறைபார்வை' என்ற சொல்லின் பொருள்மீதும் ஏன் சுமத்த வேண்டும்? மேலும், 6/60 முதல் 3/60 வரை உள்ளவர்களைப் பழைய சட்டம் பார்வையற்றோர் என்றது. புதிய சட்டத்தில் அவர்கள் குறைபார்வையினர். கண் மாறவில்லை, கோடுதான் நகர்ந்தது.

சுடர்: எனக்கு விழித்திரை நிறமிச் சிதைவு. நேர்ப்பார்வை தெளிவு, பக்கப் பார்வை இல்லை. வெண்கோலுடன் பேருந்தில் ஏறிக் கைபேசியைப் படித்தால், போலி என்று முணுமுணுக்கிறார்கள். 'பார்வை மாற்றுத்திறனாளி' என்ற பொதுச்சொல்லைக் கேட்டதும் முழு இருட்டையே நினைத்துக்கொள்வதுதான் காரணம். தேர்வில்கூட, நான் கேட்காமலே, நான் சொல்லச் சொல்ல விடை எழுதும் எழுத்தரைத் தந்தார்கள். எனக்குத் தேவைப்பட்டதோ நல்ல வெளிச்சமும் கூடுதல் நேரமும்.

மருதன்: சுடர் சொல்வது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. அவர் படிப்பதைப் பார்த்துவிட்டு 'குறையில்லை' என்று முடிவு செய்பவரிடம் வாதாட அவர் கையில் இருப்பது அந்தப் பாகைக் கணக்கு மட்டுமே.

நெய்தல்: சான்றிதழ் பெறும் மேசையில் அது உதவும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு தேர்வறையில் அவருக்குப் பயன்படவில்லையே, மருதன்? அங்கே கேட்டிருக்க வேண்டியது பழைய சட்டத்தின் கேள்வியைத்தான்.