முதல் வெற்றியாளரா, முதன்முறை வென்றவரா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

வடபழனி, திங்கள் இரவு 11.40

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான விளையாட்டுத் தகவல் நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கோல்ஃபுக்கு ஆறு பக்கம். அதில் ஒரு பக்கம் முழுக்க அர்ஜுன் அட்வால். 2010 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிரீன்ஸ்போரோ நகரில் விண்டம் சாம்பியன்ஷிப்பை வென்றாரே, அவர்தான். அமெரிக்காவின் தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் அவருக்கு அது முதல் வெற்றி. இந்தியர் ஒருவர் அந்த டூரில் வென்றதும் அதுதான் முதல் தடவை.

படத்துக்குக் கீழே "விண்டம் சாம்பியன்ஷிப்பின் முதல் வெற்றியாளர் அர்ஜுன் அட்வால்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்: "1938-இல் தொடங்கிய போட்டி. அதுவரைக்கும் ஒருத்தரும் ஜெயிக்கலையா?"

நியாயமான கேள்வி. அந்தப் போட்டியின் முதல் வெற்றியாளர் சாம் ஸ்னீட். 1938-இல் வென்றார், அப்புறம் விடவே இல்லை. மொத்தம் எட்டு முறை. கடைசியாக 1965-இல் வென்றபோது வயது 52. அவரை "முதல் வெற்றியாளர்" என்றால் அட்வாலை எப்படிச் சொல்வது? படவிளக்கத்துக்கு ஒரே ஒரு வரிதான் இடம். வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது.

பாளையங்கோட்டை வாத்தியார், செவ்வாய் காலை 5.10

அன்பு மகளுக்கு,

இதற்காக ஏன் தவிக்க வேண்டும்? சொல் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. தலைத்தீபாவளி என்கிறோம். உலகத்தில் கொண்டாடிய முதல் தீபாவளி என்று எந்த மாப்பிள்ளையாவது நினைத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போகிறானா? அவனுக்கு அது முதல், அவ்வளவுதான். தலைப்பிரசவம், தலைச்சன் பிள்ளை, தலையீற்றுப் பசு எல்லாம் இதே கணக்கு. உலக வரிசையில் முதல் என்றால் "முதல்". ஒருவருடைய வாழ்வில் முதல் என்றால் "தலை". இந்த நுட்பம் நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது.

வெற்றிக்கு வாகை. "வாகை தானே பாலையது புறனே" என்பது தொல்காப்பியம். ஆகவே தலைவாகை. வென்றவர் தலைவாகையர். ஒற்று மிகாது, வகரம் வந்தால் சண்டையே இல்லை.

வாகை என்றதும் இன்னொன்று. நம் ஊரில் வாகை மரத்தைப் பார்த்திருப்பீர்கள். நெற்று காய்ந்ததும் காற்றடித்தால் கலகலவென்று சத்தம் போடும். கழைக்கூத்தாடிகள் கயிற்றில் ஆடும்போது கொட்டும் பறையைப் போல அந்த நெற்று ஒலிக்கிறது என்று குறுந்தொகை ஏழாம் பாட்டில் வருகிறது. பந்தைக் குழியில் போட்டதும் சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்களே, அந்த ஓசைக்கும் இது பொருந்தும் அல்லவா?

கடைசி பெஞ்சு, செவ்வாய் காலை 9.02

ஐயா, "தலைவாகையர்" என்பதை பஸ்ஸில் வைத்துப் படித்தேன். "தலைவா! கை!" என்று கண்ணில் பட்டது. கட்அவுட்டுக்குக் கீழே எழுதியது மாதிரி இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளை கையைத் தூக்கிவிடும்.

திருச்சி டீச்சர், செவ்வாய் காலை 9.30

கடைசி பெஞ்சு தம்பி சொல்வதைச் சிரித்துத் தள்ளாதீர்கள், நான் ஏழாம் வகுப்புக்குத்தான் பாடம் எடுக்கிறேன். ஆனால் வாத்தியார் ஐயாவின் தலைத்தீபாவளிக் கணக்கு அபாரம். இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறேன், யோசித்ததே இல்லை.

ஸ்கார்பரோ, செவ்வாய் மாலை 6.15

வணக்கம். எங்கட பக்கத்தில இது ஒரு பிரச்சினையே இல்லை. பாராளுமன்றத்தில முதல் தரம் பேசினால் கன்னி உரை. ஒரு பெடியன் முதல் தரம் நூறு அடிச்சால் கன்னிச் சதம். பேப்பரைத் திறந்தால் விளையாட்டுப் பக்கத்தில கிடக்கும். அதே மாதிரி அட்வாலுக்குக் கன்னி வெற்றி. இருக்கிற சொல்லை விட்டுப்போட்டு ஏன் மரத்தில ஏறுறியள் எண்டு எனக்கு விளங்கேல்லை.

திருச்சி டீச்சர், செவ்வாய் மாலை 7.00

அண்ணா, உங்கள் ஊரில் அது பழகிய சொல். என் வகுப்பில் "கன்னி வெற்றி" என்று வாசித்தால் அன்றைக்குப் பாடம் அத்தோடு முடிந்தது. வெற்றிக்கு அடைமொழியாக இருக்கும்வரை போகட்டும். "கன்னி வெற்றியாளர்" என்று ஆளுக்கு ஒட்டினால்? வென்றபோது அட்வாலுக்கு 37 வயது. நாளைக்குப் பெண்கள் கோல்ஃபுக்கும் இதே சொல்தானே? அந்தப் பெண்ணைப் பற்றி என்ன சொல்கிறோம் என்று படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள்?

கிண்டி, செவ்வாய் இரவு 10.20

இருபது வருஷம் ரேஸ் கோர்ஸுக்குப் போய்ப் பணத்தைத் தொலைத்தவன் என்ற தகுதியில் ஒரு வார்த்தை. (கோல்ஃபுக்கும் எனக்கும் அதுதான் சம்பந்தம். குதிரை ஓடும் தடத்துக்கு நடுவில்தான் அங்கே கோல்ஃப் மைதானமும் இருந்தது.) ரேஸில் "மெய்டன்" என்றால் இன்னும் ஒரு பந்தயமும் ஜெயிக்காத குதிரை. ஜெயித்த மறுநிமிடம் அது மெய்டன் இல்லை. அப்படிப் பார்த்தால் அட்வால் ஞாயிறு மாலைவரை கன்னி, கோப்பையை வாங்கியதும் இல்லை. வென்றவனுக்குப் போய் அந்தப் பட்டத்தைக் கொடுப்பது தலைகீழ்.

பாளையங்கோட்டை வாத்தியார், புதன் காலை 4.55

கன்னி என்பதை வெள்ளைக்காரன் குதிரையிடமிருந்து கற்க வேண்டாம். கன்னித்தமிழ் என்றால் இளமை மாறாத தமிழ். சபரிமலைக்கு முதல் தடவை மாலை போடுகிறவர் எழுபது வயதானாலும் கன்னிச்சாமி. பேரன் பேத்தி எடுத்தவர் என்று யாரும் ஆட்சேபிப்பதில்லை. ஸ்கார்பரோத் தம்பியின் சொல்லுக்கு மரபு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். என் ஓட்டு அதற்கில்லை என்பது வேறு.

இதில் ஓர் அதிசயம் பாருங்கள். கன்னிச்சாமி ஏறுவது பதினெட்டுப் படி. பதினெட்டு வருஷம் போனால் குருசாமி. கோல்ஃபிலும் பதினெட்டுக் குழி. பதினெண்மேற்கணக்கு, பதினெண்கீழ்க்கணக்கு, பதினெண் சித்தர். இந்த எண் அங்கே எப்படிப் போயிற்று என்று யாராவது ஆராய்ந்தால் நல்லது.

கிண்டி, புதன் காலை 8.45

ஆராயவே வேண்டாம் ஐயா. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் ஒரு ஆட்டத்துக்கு முதலில் 22 குழி. 1764-இல் சிறிய குழிகள் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்தபோது 18 ஆனது. மற்ற ஊர்க்காரர்கள் பிறகு அதைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். ஐயப்பனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஈப்போ, புதன் காலை 10.30

மன்னிக்கவும், அடிப்படையிலேயே ஒரு சிக்கல். அட்வால் முதன்முறை வென்றவரே இல்லை. 2002-இல் சிங்கப்பூர் மாஸ்டர்ஸை வென்றார். ஐரோப்பிய டூரில் வென்ற முதல் இந்தியர் ஆனது அப்போதுதான். 2003-இலும் 2008-இலும் எங்கள் மலேசிய ஓபன். கிரீன்ஸ்போரோவுக்கு அவர் ஏற்கெனவே பல கோப்பைகளோடுதான் போனார். ஆகவே எந்த டூரில் முதல் என்று சொல்லாமல் எந்தச் சொல்லைப் போட்டாலும் தவறு. டூருக்குத் தமிழ் என்ன வைத்திருக்கிறீர்கள், அக்கா?

வடபழனி, புதன் மதியம் 1.15

அதைத்தான் கேட்காமல் இருங்கள் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். "சுற்று" என்று வைத்திருந்தேன். நேற்றிரவு அந்தப் பத்தியைத் திரும்பப் படித்தேன். இதோ, என் தமிழ்:

"காயத்துக்காகக் கிடைத்த சலுகை ஜூலையில் முடிந்ததால் சுற்றில் ஆடும் உரிமையை இழந்த அட்வால், திங்களன்று நடந்த தகுதிச்சுற்றில் தேறி, முதல் சுற்றில் 61 அடித்து, நான்காம் சுற்றில் 67 அடித்து, சுற்றின் முதல் வெற்றியைப் பெற்றார்."

எனக்கே தலை சுற்றிவிட்டது.

விஷயம் என்னவோ அழகானது. நுழையவே உரிமையில்லாத ஆள் திங்கட்கிழமை தகுதிப் போட்டியில் ஆடி உள்ளே வந்து ஞாயிற்றுக்கிழமை கோப்பையை வாங்குகிறார். அதற்கு முன்னால் அப்படி ஒருவர் செய்தது 1986-இல். 2005-இல் அட்லாண்டா பக்கம் நடந்த பெல்சவுத் கிளாசிக்கில் ஐந்து பேர் சமநிலையில் நின்று கூடுதல் குழிகள் ஆடியபோது மிக்கெல்சனிடம் கோப்பையை விட்டவர்களில் இவரும் ஒருவர். இதையெல்லாம் ஒரு குழந்தை படித்துக் கண்ணை விரிக்க வேண்டும், நான் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசி பெஞ்சு, புதன் மதியம் 1.40

டூருக்கு "உலா" போடுங்கள் அக்கா. அட்வால் உலா. ஏழு பருவப் பெண்களும் கிளப் வாசலில் நின்று பார்க்கட்டும்.

பாளையங்கோட்டை வாத்தியார், புதன் மாலை 3.00

தம்பி கேலியாகச் சொன்னாலும் உலா நல்ல சொல். ஆட்டக்காரர் ஊர் ஊராகப் போகிறார், தெருவில் மக்கள் கூடுகிறார்கள். சிற்றிலக்கியத்தில் இதுதானே நடக்கிறது? பேதை முதல் பேரிளம்பெண் வரை...

மட்டுறுத்துநர், புதன் மாலை 3.20

ஐயா, பேதைக்கும் பெதும்பைக்கும் வயது வரம்பு என்ன என்ற விவாதம் தனி இழையில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. தயவுசெய்து இங்கே வேண்டாம்.

ஈப்போ, புதன் மாலை 4.10

பிஜிஏ டூர் ஓர் அமைப்பின் பெயர். பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. "டூர்" அப்படியே இருக்கட்டும், ரவுண்டுக்குச் "சுற்று", தகுதிச்சுற்றைத் "தகுதிப் போட்டி" ஆக்கிவிடுங்கள். மூன்று சுற்று ஒன்றாகிவிடும்.

வடபழனி, புதன் இரவு 9.50

எடுத்துக்கொண்டேன், நன்றி தம்பி. பத்தி மூச்சு விடுகிறது. ஆனால் கடைசிக் காட்சி இடிக்கிறது. நெருக்கமாகப் போட்டியிட்ட டேவிட் டாம்ஸ் ஆட்டத்தை முடித்துக் காத்திருக்கிறார். கடைசியான பதினெட்டாம் குழியில் அட்வாலின் பந்துக்கு ஏழடித் தூரத்தில் குழி. பந்து உள்ளே போனால் கோப்பை, தவறினால் சமநிலை. போட்டுவிட்டார். மொத்தம் 260, அதாவது நான்கு நாளைக்கும் சேர்த்து இயல்பு எண்ணிக்கையான 280-இலிருந்து 20 குறைவு (கோல்ஃபில் குறைவாக அடித்தவருக்குத்தான் வெற்றி). இதை நான் எழுதியது:

"ஏழடியிலிருந்து ஓரடியில் குழிக்குள் அடித்து ஓரடியில் வென்றார்."

முதல் அடி அளவு, இரண்டாவது வீச்சு, மூன்றாவது வித்தியாசம். நாலாவது அடி எனக்கு விழும்.

திருச்சி டீச்சர், புதன் இரவு 10.05

சத்தம் போட்டுச் சிரித்தேன். தூரத்தை மீட்டரில் போட்டுவிடலாமே? ஏழடி என்றால் ஏறக்குறைய இரண்டு மீட்டர். எண்ணிக்கைக்கு "வீச்சு".

கிண்டி, புதன் இரவு 10.30

வீச்சு வேண்டாம். ஏழடித் தூரத்தில் யாரும் வீசுவதில்லை, தட்டுவார்கள். கடைசித் தட்டு அது. கோலைப் பின்னால் ஒரு சாண் இழுத்தாலே அதிகம்.

இன்னொன்று. அந்தப் பக்கத்தில் பை தூக்கிவருகிற உதவியாளர் வருகிறாரா? வந்தால் "கேடி" என்று எழுதிவிடாதீர்கள். நம் ஊரில் கேடி என்றால் போலீஸ் பதிவேட்டில் பெயர் உள்ள ஆள். பெங்களூரில் பை தூக்கும் வேலையிலிருந்து ஆட்டக்காரராகி 2009-இல் இந்தியன் ஓபனை வென்றார் முனியப்பா. அவரைப் பற்றி "முன்னாள் கேடி" என்று எழுதிப் பாருங்கள், என்ன ஆகும் என்று.

வடபழனி, புதன் இரவு 10.50

மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். இப்போதே மாற்றுகிறேன். "உதவியாளர்" போதும்.

ஸ்கார்பரோ, வியாழன் காலை 7.20

எல்லாம் சரி, தலைப்புச் சொல் என்னாச்சு?

மட்டுறுத்துநர், வியாழன் மாலை 5.00

இதுவரை கருத்துச் சொன்னவர்களையும் எனக்குத் தனியாக எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தேன். "முதன்முறை வென்றவர்" ஆறு பேர். "கன்னி வெற்றி" இரண்டு பேர். "தலைவாகை" ஒருவர். "அறிமுக வெற்றி" என்று ஒருவர் தனி மடலில் சொன்னார். அட்வால் 2004-இலிருந்து அந்த டூரில் ஆடியவர், அறிமுகம் என்றால் முதல் ஆட்டத்திலேயே வென்றதாகிவிடும் என்று சொன்னதும் அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். "முதல்வெற்றியர்" என்று சேர்த்து எழுதினால் பொருள் தெளியும் என்றும் ஒரு யோசனை. சேர்த்து எழுதியதும் பிரித்து எழுதியதும் காதுக்கு ஒன்றுதான், வகுப்பில் வாசிக்கும்போது பயனில்லை என்று டீச்சர் மறுத்தார்.

வடபழனி, வியாழன் இரவு 11.30

அனுப்பிவிட்டேன். படத்துக்குக் கீழே இப்படிப் போகிறது: "பிஜிஏ டூரில் முதன்முறையாக வென்ற அர்ஜுன் அட்வால், கிரீன்ஸ்போரோ, 2010." சாம் ஸ்னீட் பெட்டிச் செய்தியில் "போட்டியின் முதல் வெற்றியாளர்" என்றே இருக்கிறார். அவருக்கு அது பொருந்தும்.

வாத்தியார் ஐயா, கோபிக்க வேண்டாம். பொருளுக்குச் சரியான சொல் நீங்கள் சொன்னதுதான். தலைத்தீபாவளி என்று நீங்கள் எழுதியதற்கு இங்கே ஒருவரும் பதில் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் சொல்லை விளக்க ஒரு பத்தி வேண்டும், எனக்கு இருந்தது ஒரு வரி.

ஸ்கார்பரோ, வெள்ளி அதிகாலை 2.10

நான் கன்னி வெற்றி எண்டுதான் எழுதுவன். பதிவுக்காகச் சொல்லுறன்.

பாளையங்கோட்டை வாத்தியார், வெள்ளி காலை 5.05

கோபமெல்லாம் இல்லை மகளே. ஆனால் தலைவாழை இலை என்பதில் "தலை" நுனியைக் குறிக்கிறதே, அங்கே முதல் என்ற பொருள் இல்லையே என்று நேற்று யாராவது மடக்குவீர்கள் என்று பதிலோடு காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. குழுவின் சொற்பட்டியலில் தலைவாகை என்று ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள். பக்கத்தில் கேள்விக்குறி போட்டாலும் சரி.

மட்டுறுத்துநர், வெள்ளி காலை 9.15

சேர்த்தாயிற்று ஐயா. கேள்விக்குறி இரண்டு.