புதிதாக வருபவர்கள் ஒரே பருவத்தில் பெட்டியைக் காலி செய்துவிடுகிறார்கள் – சங்கம் என்ன செய்யலாம்?

பொறுப்புச்செயலர்:

வணக்கம். நாற்பது பேர் உள்ள தேனீ வளர்ப்போர் சங்கத்தின் செயலர் பொறுப்பு இப்போது என்னிடம். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு நாள் பயிற்சி. இருபது இடமும் நிரம்பிவிடும். பயிற்சி முடிந்த கையோடு ஆளுக்கொரு பெட்டி. அடுத்த பூப்பருவம் வருவதற்குள் பாதிப் பெட்டிகள் காலி. பெட்டி போனதும் ஆளும் போய்விடுகிறார்.

பயிற்சியை எப்படி மாற்றலாம்? நன்றாகத் தெரிந்தவர்கள் ஆறு பேர்தான், அவர்களை இருபது பேருக்கு எப்படிப் பங்கிடுவது? வாட்ஸப் குழுவில் ஒருவர் படம் போட்டால் பத்துப் பேர் பத்து வைத்தியம் சொல்கிறார்கள். பிரிந்து வந்து தொங்கும் கூட்டங்களைப் பிடித்துப் புதியவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறோம், அது சரியா? சங்கத்தில் இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்களும் உண்டு, இந்தியத் தேனீ வைத்திருப்பவர்களும் உண்டு.

அடைச்சட்டம்:

கோளாறு அந்த இரண்டு நாளில்தான். பணித்தேனீ முட்டையிலிருந்து வெளிவர 21 நாள் (இந்தியத் தேனீயில் சற்றுக் குறைவு), ராணிக்கு 16, ஆணுக்கு 24. இரண்டு நாள் மட்டும் பார்ப்பவருக்குக் கூட்டம் இன்று எப்படி இருக்கிறது என்று தெரியும். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியாது. அதே மணி நேரத்தைப் பிரித்துப் போடுங்கள். அரைநாள் வகுப்பு ஒன்று. பிறகு பத்து நாளைக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், சங்கத்தின் பொதுப் பெட்டிகளில், எட்டுத் தடவை. முதல் தடவை முட்டையாகப் பார்த்தது இரண்டாம் தடவை மெழுகால் மூடிய அறையாகவும், மூன்றாம் தடவை மூடியைக் கடித்துக்கொண்டு வெளிவரும் தறுவாயிலும் இருக்கும். இதை எந்தப் படம் போட்டும் விளக்க முடியாது.

ஒரு பெட்டியைச் சுற்றி ஐந்து பேருக்கு மேல் வேண்டாம், வாசலுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. திறந்த பெட்டியைப் பதினைந்து நிமிடத்தில் மூடிவிட வேண்டும். புழு இருக்கும் பகுதியைத் தேனீக்கள் 34–35 டிகிரியில் காக்கின்றன. நீங்கள் பேசிக்கொண்டே நின்றால் அது குளிர்ந்துவிடும், பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் திருடவும் வந்துவிடும். அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைப் புதியவர் கையில் கொடுங்கள், பெட்டிக்கு நேர்மேலே பிடிக்கச் சொல்லுங்கள். ராணி விழுந்தாலும் பெட்டிக்குள்தான் விழும்.

பெட்டி கொடுப்பதற்கு ஒரே ஒரு தகுதி வையுங்கள்: யார் உதவியும் இல்லாமல் முட்டையைக் காட்ட வேண்டும். ராணியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முட்டை இருந்தால் கடந்த மூன்று நாளுக்குள் ராணி அங்கே நடமாடியிருக்கிறது. வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து அறையின் அடியில் விழும்படி சட்டத்தைச் சாய்த்தால்தான் முட்டை தெரியும். பாதிப் பேர் இதைச் சொல்லிக்கொடுக்காததால்தான் "முட்டையே இல்லை" என்று அலறுகிறார்கள்.

ஆளுக்கு ஒரு பெரிய கூட்டம் கொடுப்பதைவிட, நான்கைந்து சட்டம் உள்ள சிறு கூட்டம் இரண்டு கொடுப்பது நல்லது. ஒன்றில் ராணி போனதாகச் சந்தேகம் வந்தால் மற்றதிலிருந்து முட்டையுள்ள சட்டம் ஒன்றை எடுத்து வைக்கலாம். நான்கு நாள் கழித்து அதில் ராணி அறை கட்டத் தொடங்கியிருந்தால் ராணி இல்லை. கட்டவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே ஒரு ராணி இருக்கிறது, இன்னும் முட்டையிடவில்லை, அவ்வளவுதான்.

புதியவர்கள் அதிகம் இழப்பது இந்தக் காத்திருப்பில்தான். கூட்டம் பிரிந்தபின் புது ராணி வெளிவந்து, பறந்து இணைந்து, முட்டையிட இரண்டு மூன்று வாரம் ஆகும். வானிலை கெட்டால் நான்கு வாரமும் ஆகும். அதற்குள் பழைய புழுவெல்லாம் தேனீயாகிவிடும், பெட்டியில் முட்டையும் இருக்காது புழுவும் இருக்காது. "ராணி செத்துவிட்டது" என்று வேறொரு ராணியை வாங்கி விடுவார்; உள்ளே இருப்பவை அதைக் கொன்றுவிடும். அல்லது தினமும் நண்பகலில் திறந்து பார்ப்பார். இணையப் போன ராணி திரும்பி வரும்போது பெட்டி பிரித்துக் கிடக்கும். ராணி அறையைப் பார்த்த தேதியை மூடியில் சாக்குக்கட்டியால் எழுதி, அதன் பக்கத்தில் "இந்தத் தேதிவரை திறக்காதே" என்றும் எழுதச் சொல்லுங்கள்.

ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டியிருந்தால் பணித்தேனீயே முட்டையிடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைச் சீராக்க வழிகள் உண்டு, ஆனால் முதலாண்டுக்காரருக்கு அது வேண்டாத வேலை. ஒரு வலுவான கூட்டத்துக்கு அருகில் உதறிவிட்டுப் பெட்டியை எடுத்துவிடட்டும்.

இன்னொன்று, சங்கம் முழுக்க ஓரினத்துக்கு ஒரே சட்ட அளவு. சட்டம் பொருந்தினால்தான் மேலே சொன்ன முட்டைச் சட்டத்தைப் பக்கத்து உறுப்பினரிடமிருந்து வாங்க முடியும். லாங்ஸ்ட்ராத் 1852-ல் காப்புரிமை பெற்ற பெட்டியின் சூட்சுமமே சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே விடும் 6 முதல் 9 மில்லிமீட்டர் இடைவெளிதான். தச்சர் அதைக் கூட்டினால் குறுக்கே அடை கட்டிவிடும், குறைத்தால் தேனீ நுழைய முடியாமல் சட்டம் ஒட்டிக்கொள்ளும். மாதிரிச் சட்டம் ஒன்றும் மாதிரிப் பெட்டி ஒன்றும் சங்கத்தில் இருக்கட்டும். தச்சரிடம் வாயால் அளவு சொல்ல வேண்டாம்.

மேற்கூரை:

ஆறு பேரை இருபது பேருக்குப் பங்கு போடாதீங்க. ஒருத்தருக்கு ரெண்டு பேர், மிஞ்சினா மூணு. அப்போ உங்க பயிற்சிக்கு எடுக்க வேண்டிய ஆளு பன்னிரண்டுதான். மீதிப் பேரை அடுத்த வருஷம் வரச் சொல்லுங்க, காத்திருக்கிறவங்கதான் நிலைப்பாங்க.

வழிகாட்டிக்கு "எப்ப வேணா கூப்பிடுங்க"ன்னு வாக்குக் கொடுக்க வைக்காதீங்க. ரெண்டே மாசத்துல போனை எடுக்கிறதை நிறுத்திடுவாரு. ஒரு பருவம், நாலு நேரடி வருகை, அதோட சரி. கூட்டம் வச்ச முதல் வாரம். கூட்டம் பிரியற காலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. முதல் தேன் எடுக்கும்போது. பூ இல்லாத காலம் தொடங்கும்போது. இந்தக் கடைசி வருகையைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, கூட்டம் சாகறதும் அப்பதான். முதல் வருகையில வழிகாட்டி செய்யலாம். அடுத்ததுல இருந்து அவரு கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். ரெண்டாம் வருஷக்காரங்களை முதல் அழைப்புக்குப் பதில் சொல்ல வையுங்க. போன வருஷம் இதே சந்தேகம் வந்தவங்க அவங்கதான்.

வாட்ஸப்புக்கு ஒரு படிவம்: என்ன தேனீ, எந்தத் தேதியில வச்சது, எத்தனை சட்டம் நிறையத் தேனீ இருக்கு, கடைசியா முட்டை பார்த்தது எப்போ, மூடின தேன் எத்தனை சட்டம், கடைசியா என்ன கொடுத்தீங்க. படம் மூணு: வாசல், புழு அடையோட ரெண்டு பக்கம். ராணி அறை இருக்கிற சட்டத்தை உதறாதீங்க, உள்ளே இருக்கிறது கெட்டுடும். அவரோட வழிகாட்டிதான் முதல்ல பதில் சொல்லணும், மத்தவங்க அதுக்கு அப்புறம்தான். அதுவும் காரணத்தோட.

மூடின தேன் எவ்வளவு இருக்குன்னு கேக்காம "பாகு ஊத்துங்க"ன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு ஒரு விதி போடுங்க. கூட்டம் வளர எடைக்கு எடை சர்க்கரை, தண்ணி. சேமிப்புக்குன்னா ரெண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணி. சாயந்தரம், பெட்டிக்குள்ள மட்டும், வாசலை ரெண்டு தேனீ போற அளவுக்குச் சுருக்கிட்டு. பகல்ல ஊத்தி வெளியே நாலு சொட்டுச் சிந்தினா போதும், சின்னக் கூட்டம் அன்னிக்கே கொள்ளை போயிடும். தேன் எடுக்கிற மேல்பெட்டி வச்சிருக்கும்போது பாகு கிடையாது, அது நேரா தேனுக்குள்ள போய்ச் சேரும்.

வெள்ளைத்தட்டு:

இலவசக் கூட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை. பிடித்த கூட்டத்தை அன்றே புதியவர் கையில் கொடுப்பது, என்ன நோய் என்று பார்க்காமல் அவருக்கு நோயையும் சேர்த்துக் கொடுப்பது. சங்கத்துக்கு ஒரு தனிமை இடம் வேண்டும், பொதுப் பெட்டிகளிலிருந்து தள்ளி. கூட்டத்தைப் புது மெழுகுத்தாள் (அறை அச்சுப் பதித்த மெழுகுத் தகடு) பொருத்திய சட்டங்களில் விடுங்கள், பழைய அடை வேண்டாம். முதல் இரண்டு நாள் தீனி வேண்டாம். வயிற்றில் கொண்டுவந்த தேனை அடை கட்டவே செலவழிக்கட்டும், சேமித்து வைக்க மிஞ்சக் கூடாது. முதல் தலைமுறைப் புழு மூடப்பட்டு வெளிவரும்வரை, அதாவது குறைந்தது நான்கு வாரம், அங்கேயே இருக்கட்டும். மூடிய அறைகள் உள்ளே குழிந்து ஓட்டை விழுந்திருந்தால் தீக்குச்சியை விட்டு மெல்ல இழுங்கள். பழுப்பு நூலாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டு வந்தால் அமெரிக்கன் ஃபவுல்புரூட், புழுவை அழுகவைக்கும் பாக்டீரியா நோய். அதன் வித்துகள் பெட்டியிலும் அடையிலும் நாற்பது ஆண்டுக்கு மேல் உயிரோடு இருக்கும். அடையையும் சட்டங்களையும் எரிக்கத்தான் வேண்டும், ஆன்டிபயாடிக் வித்தைக் கொல்லாது. அறிவிக்க வேண்டிய நோய் என்று அரசு விதி இருக்கும் இடங்களில் முதலில் உரிய அலுவலரிடம் சொல்லுங்கள், பிறகுதான் மற்றது.

இந்தியத் தேனீயில் அதிகம் பார்க்க வேண்டியது தாய் சாக்புரூட் (தாய்லாந்தின் பெயரால் அழைக்கப்படும் புழு நோய்). மூடும் பருவத்துப் புழு தலை தூக்கிய நிலையில், நீர் நிறைந்த பைபோலச் செத்திருக்கும், நூல் வராது. வைரஸ் என்பதால் மருந்து இல்லை. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சட்டமும் வெளியே போகக் கூடாது, அதைத் தொட்ட உளியும்.

இத்தாலியத் தேனீக்காரர்களுக்கு மாதம் ஒருமுறை உண்ணி எண்ணும் நாள் வையுங்கள், எல்லோரும் ஒரே நாளில். புழு அடையிலிருந்து அரைக் கப் தேனீ (ஏறக்குறைய 300, ராணி அதில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு), 3 மில்லிமீட்டர் வலை மூடிய பாட்டிலில். இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை. ஒரு நிமிடம் உருட்டி, இரண்டு நிமிடம் வைத்துவிட்டு, வெள்ளைத் தட்டில் தலைகீழாக ஒரு நிமிடம் குலுக்குங்கள். தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரையும், செம்பழுப்பு உண்ணி மட்டும் நிற்கும். ஒன்பது இருந்தால் நூற்றுக்கு மூன்று, அப்போது சிகிச்சை தேவை. ஈரமான நாளில் செய்யாதீர்கள், சர்க்கரை கட்டிதட்டி எண்ணிக்கை குறைத்துக் காட்டும். சங்கத்தின் பழைய கையேட்டில் இந்த உண்ணியின் பெயர் "வரோவா ஜேக்கப்சோனி" என்று இருந்தால் திருத்திவிடுங்கள்; இத்தாலியத் தேனீயை அழிப்பது வரோவா டெஸ்ட்ரக்டர் என்ற வேறு இனம் என்று 2000-ல் பிரித்தாகிவிட்டது.

பொறுப்புச்செயலர்:

மிக்க நன்றி. பன்னிரண்டு பேர் என்பது சங்கக் கூட்டத்தில் சண்டையைக் கிளப்பும், பார்க்கலாம். இரண்டு விஷயம் மட்டும். இந்தியத் தேனீ வாங்கிப் போனவர்களிடம் கூட்டம் சாவதில்லை, ஓடிவிடுகிறது. அது ஏன்? தேன் எடுக்கும் இயந்திரம் ஒவ்வொரு முறையும் மெழுகு பூசித் திரும்பி வருகிறது, யாராலும் தேய்த்து எடுக்க முடியவில்லை.

மெழுகுத்தாள்:

ஓடுவதற்கு முதல் காரணம் அடிக்கடி திறப்பது. இத்தாலியத் தேனீயைப் பார்ப்பதுபோல வாரந்தோறும் சட்டம் தூக்கினால் இந்தியத் தேனீ தாங்காது. வாசலில் மகரந்தம் வருகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இரண்டாவது, இருந்த தேனையெல்லாம் எடுத்துவிட்டுப் பூ இல்லாத காலத்தில் பட்டினி போடுவது. மூன்றாவது எறும்பு, மெழுகு அந்துப்பூச்சி. தாங்கியின் நான்கு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கட்டும், தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளட்டும், செடிக் கிளை எதுவும் பெட்டியைத் தொடக் கூடாது. எறும்புக்கு அது பாலம். தேனீ மூடாத அடைகளை எடுத்துவிட்டு, கூட்டம் நிறைக்கும் அளவுக்கு மட்டும் சட்டம் விடுங்கள். காலி அடையில்தான் அந்து முட்டையிடும்.

ஓடப் போகும் கூட்டம் முன்கூட்டியே காட்டிவிடும்: புது முட்டை இருக்காது, தேன் குறைந்துகொண்டே வரும், மகரந்தம் வருவது நின்றுவிடும். அந்தக் கட்டத்தில் புழுவுள்ள சட்டம் ஒன்றை வேறு நலமான கூட்டத்திலிருந்து கொடுத்து, மாலையில் பாகும் வைத்தால் பெரும்பாலும் தங்கும். புழுவை விட்டுவிட்டுப் போக அவற்றுக்கு மனம் வராது. இன்னொரு தவறு, இத்தாலியத் தேனீக்கான மெழுகுத்தாளை இவற்றுக்குக் கொடுப்பது. இந்தியத் தேனீயின் அறை சிறியது. பெரிய அச்சில் ஆண் அறையாகக் கட்டித் தள்ளும்.

மேற்கூரை:

இயந்திரத்துல மெழுகு ஒட்டறது வெந்நீர்ல கழுவறதால. முதல் ரெண்டு அலசும் பச்சைத் தண்ணிதான். மெழுகு துகளாவே வெளியே போயிடும். அப்புறம்தான் வெதுவெதுப்பான தண்ணி. இப்ப ஒட்டியிருக்கிறதைக் கொதிநீர் ஊத்தி இளக்கி, சூடா இருக்கும்போதே பழைய துணியால துடைச்சு எடுங்க. உள்பக்கம் துத்தநாகப் பூச்சு உள்ள தகரம்னா மாத்திடுங்க, தேன் அமிலத்தன்மை உள்ளது, பூச்சை அரிக்கும். கடன் கொடுக்கிறதுக்கு முன்பணம், ரெண்டு நாள் கெடு, ஒரு நோட்டு. கழுவிக் காய வச்சதை வாங்கறவரே பார்த்துக் கையெழுத்துப் போடணும். நோய் இருக்கிற பெட்டிக்காரருக்கு அன்னிக்கு இயந்திரம் கிடையாது. உளி, கத்தியெல்லாம் சலவைச் சோடாவுல ஊறணும், அஞ்சு லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ.

பொதுப் பெட்டி இருக்கிற இடத்துல ஒரு பலகை வையுங்க: ஆம்புலன்சுக்குச் சொல்ல வேண்டிய சரியான வழி, அடையாளம். கொட்டின கொடுக்கை நகத்தாலயோ உளியாலயோ உடனே சீவணும்; எப்படி எடுக்கிறோங்கறதைவிட எவ்வளவு சீக்கிரம்ங்கறதுதான் முக்கியம். அந்த இடத்துல புகை அடிங்க, வாழைப்பழ வாசனை மாதிரி வர்ற எச்சரிக்கை மணம் மறைஞ்சா அடுத்தது கொட்டற வாய்ப்புக் குறையும். உதடு, நாக்கு வீங்கினா, மூச்சுத் திணறினா, தலை சுத்தினா மாத்திரை கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. அட்ரினலின் ஊசி இருந்தா தொடையோட வெளிப்பக்கம் போட்டுட்டு, ஆம்புலன்சைக் கூப்பிட்டு, படுக்க வச்சுக் காலை உயர்த்தி வையுங்க. மூச்சு வாங்குதுன்னா மட்டும் சாய்ஞ்சு உட்கார வையுங்க. எழுந்து நடக்க விடாதீங்க.